நாற்பது நிமிடம், நாற்பத்தெட்டுப் பிள்ளைகள்: பள்ளி இசை ஆசிரியருக்கு எந்தப் பயிற்சி தேவை?

கேள்வி இது: "இசைக் கல்லூரியில் பட்டம் பெற்றேன். அதற்கு முன்பும் பின்பும் குருவிடம் பன்னிரண்டு ஆண்டு பாடம் கேட்டிருக்கிறேன். உதவிபெறும் பள்ளி ஒன்றில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை, வகுப்புக்கு 48 பிள்ளைகள். வாரத்துக்கு ஒரு பீரியட். பையன்கள் வாயே திறப்பதில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் என்று குறை வருகிறது. தேர்வு நெருங்கினால் என் பீரியடைக் கணக்குக்கு வாங்கிக்கொள்கிறார்கள். ஆண்டு விழா வந்தால் மட்டும் எல்லோரும் என்னைத் தேடுகிறார்கள். எந்தப் பயிற்சிக்குப் போனால் இது சரியாகும்? இல்லை, வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பாட்டு வகுப்பு நடத்தலாமா?"

தங்கை, நான் 28 ஆண்டுகள் பள்ளிகளில் இசை ஆசிரியையாக இருந்தவள். கடந்த சில ஆண்டுகளாக இசை, நடன, நாடக ஆசிரியர்களுக்கான பட்டறைகளில் பேசியும் பாடியும் வருகிறேன். உங்கள் கேள்வியைப் படித்தபோது என் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படியே கண்முன் வந்து நின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். பீரியட் 40 நிமிடம். பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, வருகை எடுத்து, அடங்குவதற்கு எட்டு நிமிடம் போகட்டும். மீதி 32 நிமிடம். அதை 48ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 40 விநாடி. நம் குரு நமக்குச் சொல்லிக்கொடுத்த விதம் வேறு. எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் காதால் பிடித்து, தப்பினால் நிறுத்தி, சரியாகும்வரை திரும்பப் பாடவைத்தார். நமக்குத் தெரிந்த ஒரே கற்பிக்கும் முறை அதுதான். அதை 40 விநாடிக்குள் செய்ய முடியாது. ஆகவே உங்கள் திறமையில் குறை இருக்கிறது என்று நினைத்து மருகாதீர்கள். நாற்பத்தெட்டுப் பேரை ஒன்றாகப் பாடவைப்பது தனி வேலை. அதை நமக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான பயிற்சிகள் தவறுகின்றன. நான் வேலையில் சேர்ந்த அடுத்த கோடையில் என்னை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஏழு பாட்டு கற்றுக்கொடுத்தார்கள், ஸ்வரக் குறிப்போடு நகலும் தந்தார்கள். ஏழையும் நன்றாகவே பாடினேன். சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஜூன் மாதம் அதே வகுப்புக்குத் திரும்பினேன். அதே பையன்கள் அதே பின்பெஞ்சில் இருந்தார்கள். பாட்டு எனக்கு முன்பே போதுமான அளவு தெரியும். அந்த மூன்று நாளில் ஒரு பிள்ளையைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

என்னை உண்மையில் மாற்றியது எங்கள் பள்ளித் தமிழாசிரியை. இசை தெரியாதவர். ஒருநாள் அவருடைய ஓய்வு பீரியடில் என் வகுப்பின் பின்னால் வந்து உட்காரச் சொன்னேன். கையில் கடிகாரத்தையும் ஒரு தாளையும் வைத்துக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் தாளைக் கொடுத்தார்: நான் பேசியது 19 நிமிடம், பிள்ளைகள் பாடியது ஆறு நிமிடம். மீதியெல்லாம் அதட்டலிலும் காத்திருப்பிலும் போயிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் பேச்சைக் குறைத்தேன். மணி அடித்ததும் எதுவும் சொல்லாமல் சுருதிப் பெட்டியைப் போட்டு "ஸா" பிடித்தேன். பாதிப் பேர் தாங்களாகவே சேர்ந்துகொண்டார்கள். ஒரு மாதத்தில் ஆறு நிமிடம் பதினாறு ஆனது. என் வாழ்க்கையில் நான் பெற்ற மிகச் சிறந்த ஆசிரியப் பயிற்சி அந்த ஒரு தாள்தான்.

ஆகவே எந்தப் படிப்பிலும் சேர்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். நம்பிக்கையான ஒரு சக ஆசிரியரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உங்கள் வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள். அவர் உங்களை மதிப்பிட வேண்டாம், எண்ணினால் போதும். மணி அடித்ததிலிருந்து முதல் ஸ்வரம் வரை எத்தனை நிமிடம்? பிள்ளைகள் பாடிய நேரம் எவ்வளவு? எத்தனை பையன்களின் வாய் அசைந்தது? தலைமையாசிரியரை இதற்குக் கூப்பிட வேண்டாம். அவர் வந்து உட்கார்ந்தால் வகுப்பு வேறு மாதிரி ஆகிவிடும், நீங்களும் வேறு மாதிரி ஆகிவிடுவீர்கள். ஆள் கிடைக்காவிட்டால் உங்கள் குரலைக் கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். ஒலி மட்டும் போதும். பிள்ளைகளை அனுமதியில்லாமல் படம் எடுக்க வேண்டாம்.

இனி உங்கள் பையன்கள். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் அவர்களுக்கு மகரக்கட்டு உடையும் பருவம், அதாவது குரல் மாறும் பருவம். பழைய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் இந்தச் சொல்லைக் கேட்டாலே பையன்கள் நடுங்குவார்கள். குரல் உடைந்தால் பாட்டு வேடம் போய்விடும். இன்றைக்கு உங்கள் வகுப்பில் இருக்கும் பையனுக்கு வேறு பயம். பெண் பிள்ளைகளுக்கு முன்னால் குரல் பிசிறினால் ஆண்டு முழுவதும் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். அவன் வாயை மூடிக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நாம் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம்.

நீங்கள் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி அளவில் பாடுகிறீர்கள்? ஐந்து அல்லது ஐந்தரை என்று நினைக்கிறேன். நம்மில் பெரும்பாலான பெண்கள் அங்கேதான் பாடுகிறோம், வகுப்பிலும் அதே சுருதியைத்தான் வைக்கிறோம். குரல் உடைந்துகொண்டிருக்கும் பையனால் அங்கே மேலேயும் எட்ட முடியாது, கீழேயும் இறங்க முடியாது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு கட்டைக்கு மாற்றிப் பாருங்கள். குரல் உடைந்த பையன்கள் கீழ் ஸ்தாயியில் பாடுவார்கள். பெண் பிள்ளைகளும் குரல் உடையாத பையன்களும் அதே பாட்டை ஒரு ஸ்தாயி மேலே பாடுவார்கள். இரு தரப்புக்கும் அது வசதியான இடம். உங்களுக்குத்தான் சிரமம். உங்கள் குரல் அங்கே எடுபடாது, முதல் வாரம் உங்களுக்கே பிடிக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் வீச்சும் சின்னதாக இருக்கட்டும், ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமம் வரை போனால் போதும். அப்போதும் குரல் ஒரு நிலையில் நிற்காத பையன் இருப்பான். அவனுக்கு ஸ-ப மட்டும் பிடித்து நிற்கும் வேலையைக் கொடுங்கள், அல்லது தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கொடுங்கள். "தகதிமி"யும் "தகிட"வும் சொல்லக் குரல் இனிமை தேவையில்லை. பின்பெஞ்சில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்த ஒருவன் என் வகுப்பில் மூன்றே மாதத்தில் ஏழு ஏழாக எண்ணும் மிச்ர நடையைத் தவறாமல் சொல்ல ஆரம்பித்தான். அவனுக்குப் பாட்டு வரவேயில்லை. ஆனால் அவன் தாளம் போட்டால்தான் மற்றவர்கள் பாடுவார்கள் என்ற நிலை வந்தது.

அடுத்தது கொஞ்சம் சண்டைக்குரிய விஷயம். முதல் நாளே மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற தொடக்க ஸ்வரப் பயிற்சியை ஆரம்பிப்பதை விட்டுவிடுங்கள். புரந்தரதாசர் வகுத்ததாக நாம் போற்றும் அந்தப் பாட வரிசையின் அருமை எனக்கும் தெரியும். குருவின் காதுக்கு எதிரே உட்கார்ந்த ஒரு பிள்ளைக்கு அது பொருத்தமானது. ஸ-ரி, க-ம, ப-த, நி-ஸ என்று நெருக்கமான இடைவெளிகளை அடுத்தடுத்து வைத்துக் காதைக் கூர்மையாக்குகிறது. ஆனால் 48 புதிய குரல்கள் சேர்ந்து, ஸவை ஒட்டி நிற்கும் அந்தச் சுத்த ரிஷபத்தைப் பாடினால், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் விழும். உங்களால் ஒருவரையும் திருத்த முடியாது. மோகன ராகத்தில் தொடங்குங்கள். ஐந்தே ஸ்வரம், அடுத்தடுத்து நெருங்கிய ஸ்வரங்கள் இல்லை, தப்பினாலும் காதில் உறுத்தாது. ஹங்கேரியில் பள்ளி இசைக் கல்வியை வகுத்த ஸோல்தான் கோடாயும் ஐந்து ஸ்வரங்களில் அமைந்த நாட்டுப்பாடல்களிலிருந்துதான் குழந்தைகளைத் தொடங்கவைத்தார். கூட்டமாகப் பாடும் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்த எவருக்கும் இந்த எண்ணம் வரும்.

முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வர சாகித்யங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருதத்தில் எழுதியவை. சங்கராபரண ஸ்வரங்கள், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் கிடையாது, நடை நேரானது. கூட்டமாகப் பாடுவதற்கென்றே செய்தது போல இருக்கும். எம். பி. ஸ்ரீநிவாசன் 1970களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பல குரல்கள் பல வரிகளைச் சேர்ந்து பாடும் முறையைத் தமிழில் வேரூன்றவைத்தார். அந்தக் குழுவின் பாடல்களைத் தேடிக் கேளுங்கள். எந்தக் குரலுக்கு எந்த வரி கொடுத்திருக்கிறார்கள், எங்கே எல்லோரும் ஒன்றாக வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கு ஒதுக்கினால் ஒரு சான்றிதழ்ப் படிப்பை முடித்த அளவுக்குக் கற்றுக்கொள்வீர்கள்.

இதைக் கேட்டு, சங்கீதத்தை நீர்த்துப்போகச் செய்கிறேன் என்று சில வித்வான்கள் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். ஒரு வருடம் மோகனத்தில் மகிழ்ந்து பாடிய பிள்ளைகள் அடுத்த வருடம் மாயாமாளவகௌளைக்கு வந்தபோது காதோடு வந்தார்கள். முதல் மாதத்திலேயே வெறுத்துப்போன பிள்ளைகள் எந்த ராகத்துக்கும் வரவில்லை. அதனால் நான் என் பக்கம்தான் நிற்கிறேன்.

பக்கத்து வகுப்புச் சத்தத்துக்குப் பெரிய வைத்தியம் எதுவும் இல்லை. அந்த ஆசிரியரிடம் நேரில் பேசி, அவருடைய தேர்வு நாட்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் மரத்தடிக்குப் போங்கள், அல்லது கேட்டலும் வாய் திறக்காத தாளக் கிரியைகளுமாக வகுப்பை நடத்துங்கள்.

உங்கள் குரல் பற்றி நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கிறேன்: மாலையில் தொண்டை கட்டுகிறதா? முதல் ஆண்டு அக்டோபரில் எனக்குக் குரல் அடியோடு போய்விட்டது. பேசவே கூடாது என்றார் மருத்துவர். பாடுவதைவிட அதட்டுவதுதான் ஆசிரியர்களின் குரலைக் கெடுக்கிறது. வகுப்பை அடக்க ஒரு கைதட்டு வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தட்டினால் அவர்கள் திருப்பித் தட்ட வேண்டும். இரண்டாம் முறையில் வகுப்பு அடங்கிவிடும். தண்ணீர்ப் பாட்டில் மேசைமேல் இருக்கட்டும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். கஷாயத்தை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். குரல் நாணில் முடிச்சு விழுந்தபின் ஓய்வும் குரல் பயிற்சியுமாகப் பல மாதங்கள் போய்விடும்.

நடன ஆசிரியைகளும் நாடக ஆசிரியர்களும் இதைப் படித்தால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. நடனத்தில் தரைதான் முதல் பிரச்சினை. சிமெண்ட் தரையில் நாற்பது பிள்ளைகளைத் தட்டடவு ஓயாமல் தட்டவைத்தால் முட்டியும் கணுக்காலும் போகும். அங்கே கை அடவுகளும் அபிநயமும் கும்மி, கோலாட்ட நடைகளும் அதிகமாக இருக்கட்டும். முட்டி மடக்கி நிற்கும் அரைமண்டியைத் திருத்தப் பிள்ளையைத் தொட்டு நிமிர்த்தும் பழக்கம் நம் எல்லோருக்கும் குருவிடமிருந்து வந்தது. பள்ளியில் அதை விட்டுவிட வேண்டும். செய்து காட்டலாம், கண்ணாடி போல் எதிரே நிற்கலாம், தொட்டே ஆக வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எல்லோர் முன்னிலையிலும் தொடலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பற்றிய பயிற்சி பள்ளியில் நடந்தால் கலை ஆசிரியர்கள் முதல் வரிசையில் உட்கார வேண்டும். தனி ஒத்திகை, மாலை நேர ஒத்திகை, உடை மாற்றும் அறை என்று பிள்ளைகளின் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும் இடங்கள் நம் பாடத்தில்தான் அதிகம்.

நாடகத்தில் வேறு சிக்கல். விளையாட்டு தொடங்கிவிட்டால் வகுப்பைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை என்பார்கள். அவர்களிடம் நான் கூத்து பார்க்கச் சொல்கிறேன். கட்டியங்காரனைப் பாருங்கள். அவன் கதைக்குள்ளும் இருக்கிறான், சபையோடும் பேசுகிறான். ராஜாவை வரவேற்கிறான், தூங்குகிற கூட்டத்தை எழுப்புகிறான், இழுத்துக்கொண்டு போகும் காட்சியைச் சுருக்குகிறான். இங்கிலாந்தில் டோரதி ஹீத்கோட் என்ற அம்மையார், ஆசிரியரே ஒரு பாத்திரமாக வகுப்புக்குள் நுழைந்து நாடகத்தை உள்ளிருந்து நடத்தும் முறையை வளர்த்தார். கட்டியங்காரன் காலங்காலமாகக் கூத்துக்களத்தில் அதைச் செய்துகொண்டிருக்கிறான். வெளியே நின்று விசில் ஊதும் ஆசிரியரைவிட, ஊர்த்தலையாரி வேடத்தில் உள்ளே வந்து "யாரடா அங்கே சத்தம்?" என்று கேட்கும் ஆசிரியருக்கு வகுப்பு உடனே அடங்கும். பேராசிரியர் சே. இராமானுஜம் போன்றவர்கள் காந்திகிராமத்தில் 1977இல் நடத்திய பட்டறையிலிருந்து தமிழ்நாட்டு நவீன நாடகத்தில் ஒரு தலைமுறையே கிளைத்தது. பாடம் கேட்பதாக இல்லாமல் செய்து பார்ப்பதாக நாட்கணக்கில் நீண்டதால்தான் அது அந்த அளவுக்கு வேரோடியது.

இப்போது நீங்கள் நேராகக் கேட்டதற்கு வருகிறேன். மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 1979 முதல் இயங்குகிறது. பணியிலிருக்கும் ஆசிரியர்களைக் கல்வித் துறை வழியாக அழைத்துப் பயிற்சி தருகிறது. உங்களுக்கு வாய்த்தால் போய் வாருங்கள். வேறு மாநிலத்து ஆசிரியர்களோடு தங்கிப் பழகுவதே பெரிய பயன். தேசிய கல்விக் கொள்கை 2020 ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி என்கிறது. அந்த 50 மணி நேரம் கலை ஆசிரியருக்கு எப்படிக் கழிகிறது என்பதுதான் என் கவலை. பொதுவான வகுப்பறைப் பயிற்சியில் கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து உட்கார்ந்து, நம் பாடத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்காமல் எழுந்து வருகிறோம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள். கலை ஆசிரியர்களுக்குத் தனி அமர்வு வேண்டும் என்று நான்கைந்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் காது கொடுக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள்.

எந்தப் பட்டறைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பும் நடத்துபவரிடம் கேளுங்கள். பயிற்சியில் பிள்ளைகள் இருப்பார்களா? நான் வகுப்பு நடத்த, யாராவது அதைப் பார்த்துச் சொல்வார்களா? மூன்று மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று விசாரிப்பார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது நல்ல கச்சேரி. கேட்டு மகிழலாம், வகுப்புக்கு உதவாது.

பட்டறையைவிட நீடித்து நிற்பது கூட்டாளிகள். எங்கள் ஊர்ப்பக்கம் ஐந்து பள்ளிகளின் இசை, நடன ஆசிரியர்கள் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஒருவர் வீட்டில் கூடினோம். அங்கே பாடக் கூடாது என்பது ஒரே விதி. ஒவ்வொருவரும் தன் வகுப்பில் அந்த மாதம் தோற்றுப்போன ஒன்றைக் கொண்டுவர வேண்டும். முதல் இரண்டு கூட்டங்களில் எல்லோரும் பெருமை பேசினார்கள். மூன்றாவதில் வயதில் மூத்த நாகசுர வித்வான் ஒருவர், பணி ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும்போது, "ஏழாம் வகுப்புக்குப் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது. அந்தக் குழு ஒன்பது ஆண்டுகள் நடந்தது. பகுதிநேர ஆசிரியர்கள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,549 பேரை வாரம் மூன்று அரைநாள் வேலைக்கு எடுத்தார்கள். அவர்களில் பலர் பல ஆண்டுகளாக நிரந்தரமில்லாமல் கற்பித்து வருகிறார்கள். வசதியே இல்லாத வகுப்பில் வேலை செய்வது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அவர்களிடம்தான்.

பீரியடைப் பறிப்பதும் ஆண்டு விழாவும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். விழாவுக்குப் பத்துப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து இரண்டு மாதம் தயார்செய்தால், மீதிப் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு தேவையில்லை என்று நாமே நிர்வாகத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழா எத்தனையோ பிள்ளைகளை மேடையேற்றியிருக்கிறது, அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டு. அங்கேயும் இந்த ஆபத்து இருக்கிறது. இந்த ஆண்டு விழாவுக்குப் புதிய உருப்படி எதுவும் தயார் செய்யாதீர்கள். வகுப்பில் பாடுவதையே, ஒன்பதாம் வகுப்பின் 48 பேரையும் நிறுத்திப் பாடவையுங்கள். தன் மகன் மேடையில் பாடுவதைப் பார்த்த தகப்பனார் தலைமையாசிரியரிடம் போய்ப் பேசுவார். நாம் கொடுக்கும் பத்து விண்ணப்பங்களுக்கு அது சமம். கணக்கு ஆசிரியர் பீரியட் கேட்டால் உடனே மறுக்க வேண்டாம். கொடுத்த தேதியைக் குறித்துவைத்து, அதே மாதத்தில் திருப்பிக் கேளுங்கள். கேட்பதை அவர் பழக்கமாக்கியது போலத் திருப்பிக் கேட்பதை நீங்கள் பழக்கமாக்க வேண்டும்.

குருவிடம் போவதை நிறுத்திவிட்டீர்களா? நிறுத்தியிருந்தால் மீண்டும் தொடங்குங்கள், மாதம் ஒரு முறையாவது. தினமும் அரை மணி உங்களுக்காகப் பாடுங்கள். பள்ளிப் பாட்டுகளை மட்டுமே ஆண்டுக்கணக்கில் பாடிக்கொண்டிருந்தால் கலை வற்றிவிடும், பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் வருடத்துக்கு ஒருமுறை நான் முழு ஆலாபனையாக ஒரு தோடி பாடுவேன், விளக்கம் எதுவும் சொல்லாமல். அன்றைக்கு யாரும் சத்தம் போட்டதில்லை.

வேலையை விட்டுவிடலாமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. வீட்டு வகுப்பில் வருமானம் வரும், மரியாதையான பிள்ளைகள் வருவார்கள், ஒவ்வொரு ஸ்வரத்தையும் திருத்தலாம். அது தவறான வழியல்ல. என் தோழிகள் பலர் அப்படித்தான் போனார்கள். ஆனால் இப்போது, இந்தக் களைப்பில் முடிவெடுக்காதீர்கள். ஒரு பருவம் மட்டும் ஒன்பதாம் வகுப்பை இரண்டு கட்டையில், மோகனத்தில், பின்னால் ஒருவர் உட்கார்ந்து எண்ண, நடத்திப் பாருங்கள். மற்ற மூன்று வகுப்புகளையும் இப்போதைக்கு அப்படியே விடுங்கள். முதல் முறை எண்ணிய தாளில் உள்ள மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று என்னால் சொல்ல முடியும்.